முரசுகளுக்குள் ஒளிந்திருந்தவர்கள்: ‘சந்திரலேகா’ இந்திக்குப் போன கதை

தாம்பரத்திலிருந்து அண்ணாசாலை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறி ‘ஜெமினி’ என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது என்று தெரிந்திருக்கும்? 1973-இல் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். மக்கள் வைத்துக்கொண்டது ஜெமினி மேம்பாலம். ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் இன்று ஒரு நட்சத்திர விடுதியும் வணிக வளாகமும் நிற்கின்றன. பம்பாயின் படக்கொட்டகைகளையும் லக்னோவின் படக்கொட்டகைகளையும் ஒரே சமயத்தில் நிரப்பிய ஓர் இந்திப் படம் இந்த இடத்தில்தான் உருவானது. 1948 டிசம்பர் 24 அன்று வெளியான ‘சந்திரலேகா’வின் இந்தி வடிவத்தைத்தான் சொல்கிறேன்.

இப்படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எஸ்.எஸ். வாசனின் துணிச்சல், முப்பது லட்சம் ரூபாய், ஐந்தாண்டு உழைப்பு என்ற மூன்று சொற்கோவைகள் தவறாமல் வந்துவிடும். மூன்றும் பொய்யல்ல. ஆனால் இவற்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், ஒரு மனிதர் பெருங்கனவு கண்டார், பணத்தைக் கொட்டினார், வென்றார் என்ற விளம்பரக் கதைதான் மிஞ்சும். விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர் வாசன். அந்தக் கதை நிலைபெற்றதில் வியப்பில்லை. உள்ளே நடந்தது அதைவிடக் குழப்பமானது, எனக்கு அதைவிடச் சுவாரசியமானதும்கூட.

1928-இல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்தவர் வாசன். அவர் எழுதிய கதைதான் 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் ‘சதி லீலாவதி’ ஆயிற்று. விநியோகத்தில் இறங்கியவர், 1941-இல் மவுண்ட் ரோட்டில் தீ விபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்த மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் ஸ்டுடியோவை எடுத்து, ஜெமினி ஸ்டுடியோவாக மாற்றினார். அது இயக்குநர் கே. சுப்ரமணியத்துடன் பிணைந்திருந்த ஸ்டுடியோ. அந்தச் சுப்ரமணியம் 1939-லேயே ‘பிரேம் சாகர்’ என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’ 1947-இல் இந்தியிலும் வந்தது. ஆகவே சென்னையிலிருந்து வடக்கே போன முதல் படம் சந்திரலேகா அல்ல. அங்கே போய்ச் சந்தையைக் கைப்பற்றிய முதல் படம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

‘பால நாகம்மா’வும் (1942) ‘மங்கம்மா சபத’மும் (1943) பெருவெற்றி பெற்ற சூட்டில் அடுத்த படத்தின் பெயர் அறிவிக்கப்பட்டது. பெயர் இருந்தது, கதை இல்லை. கதை இலாகாவிலிருந்த வேப்பத்தூர் கிட்டு சொன்ன கதை ஒன்று வாசனுக்குப் பிடிக்கவில்லை. அதன் நாயகியின் பெயரான சந்திரலேகா மட்டும் பிடித்திருந்தது. பெயரை வைத்துக்கொண்டு கதையைத் தள்ளிவிட்டார். பெயருக்கேற்ற கதை தேடும் வேலை மறுபடி இலாகாவின் தலையில் விழுந்தது.

கிட்டுவுக்கு விதை கிடைத்தது ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸின் ‘ராபர்ட் மக்கேர்’ நாவலில். ஓர் இரவில் தபால் வண்டியைக் கொள்ளையர் மறிக்கிறார்கள், இருக்கைக்கடியில் ஒளிந்திருக்கும் இளம்பெண் ஒருத்தி அகப்படுகிறாள். இந்த ஒரு காட்சி போதுமானதாயிருந்தது. தமிழ் வாசகர்களுக்கு ரெய்னால்ட்ஸ் அந்நியரல்ல. ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் அவரைத் தழுவியும் உருமாற்றியும் ஒரு தலைமுறைக்கே நாவல் வாசிக்கும் பழக்கத்தை உண்டாக்கியவர்கள். இங்கிலாந்திலேயே மறக்கப்பட்டுவிட்ட ஒரு மலிவுப்பதிப்பு எழுத்தாளர், சென்னையின் பழைய புத்தகக் கடைகளில் உயிரோடிருந்து, கடைசியில் ஓர் இந்திப் படத்துக்குள் நுழைந்தார் என்பது நம் இலக்கிய வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெற வேண்டியது.

கதை இலாகாவில் இருந்தவர்களின் பட்டியலும் கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதப்போகிற கொத்தமங்கலம் சுப்பு. ‘தியாகபூமி’யின் நாயகன் கே.ஜே. மகாதேவன், நைனா, கிட்டு, இவர்களோடு ‘சங்கு’ சுப்பிரமணியம். உப்பு சத்தியாக்கிரக காலத்தின் ‘சுதந்திரச் சங்கு’ ஏட்டை நடத்தியவர், காலணா விலையில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுதியவர், இங்கே அண்ணன் தம்பி இருவரும் ஒரு பெண்ணுக்காகவும் அரியணைக்காகவும் மோதிக்கொள்ளும் கதைக்குக் காட்சி அமைத்துக்கொண்டிருந்தார். இதை வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அன்று மாதச்சம்பளம் தந்த இடங்கள் மிகச் சில. சினிமா அவற்றில் ஒன்று. புதுமைப்பித்தனும் ‘ஔவையா’ருக்காக ஜெமினியில் சிறிது காலம் வேலை பார்த்தவர்தான். சந்திரலேகா தமிழில் வெளியாகி மூன்று மாதங்கள் முடிவதற்குள், 1948 ஜூன் 30 அன்று அவர் காலமானார்.

ஐந்தாண்டுத் தாமதத்துக்கு வாசனின் பூரணத்துவ வேட்கையே காரணம் என்று பொதுவாக எழுதுவார்கள். போரை மறந்துவிடுகிறார்கள். கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருள். 1942-இல் இந்திய அரசு ஒரு கதைப்படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. 1943 முதல் கச்சா பிலிம் வழங்குவதையே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. போருக்கு ஆதரவான படம் எடுப்பது பல நிறுவனங்களுக்குக் கட்டாயம் போலாயிற்று. ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’ (1945) அப்படி வந்ததே. சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11,000 அடி என்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். முடிவடைந்த சந்திரலேகாவின் ஓட்ட நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. அதாவது 18,000 அடிக்கும் மேல். 1945 டிசம்பரில் கட்டுப்பாடு விலக்கப்படும்வரை, நாம் இன்று பார்க்கும் சந்திரலேகாவை எவரும் சட்டப்படி திரையிட்டிருக்க முடியாது. முரசு நடனமும் சர்க்கஸும் அவ்வளவு விரிந்ததற்கு, காத்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

காத்திருப்பு மட்டுமல்ல, எடுத்ததை எறிவதும் நடந்தது. வில்லன் சசாங்கனாக முதலில் நடித்தவர் மேற்சொன்ன கே.ஜே. மகாதேவன். சில ஆயிரம் அடி எடுத்துப் பார்த்தபின், அவர் முகத்தில் கொடுமை வரவில்லை என்று முடிவாயிற்று. ‘தியாகபூமி’யில் மனம் திருந்தும் கணவனாக வந்தவரிடம் வேறென்ன வரும்! எடுத்த படச்சுருள் குப்பைக்குப் போயிற்று. ‘மங்கம்மா சபத’த்தின் ரஞ்சன் அந்த இடத்துக்கு வந்தார். நாட்டியம் கற்றவர், வாள்வீச்சில் பழகியவர், விமானமும் ஓட்டுவார். அண்ணன் வீரசிம்மனாக எம்.கே. ராதா, நாயகியாக ‘ஹரிதாஸ்’ புகழ் டி.ஆர். ராஜகுமாரி. மகாதேவன் மனம் கசந்து வெளியேறியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கேமராவுக்கு முன்னாலிருந்து பின்னால் போய், கதை இலாகாவிலும் இயக்குநர் உதவியிலும் இருந்தபடி, தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட பாத்திரத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார். இந்தப் படத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

சர்க்கஸ் முதலில் கதையிலேயே கிடையாது. இடையில் முளைத்தது. முளைத்தபின் அது அசலாக இருக்க வேண்டும் என்றாயிற்று. கிட்டு சென்னை மாகாணமும் இலங்கையும் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்க்கஸ் கம்பெனிகளைப் பார்த்துவந்தார். கமலா சர்க்கஸ் தேர்வாயிற்று; பரசுராம் லயன் சர்க்கஸும் சேர்ந்தது. விலங்குகளும் வித்தைக்காரர்களும் அவர்கள் கூடாரமுமாக ஒரு சிற்றூரே ஸ்டுடியோவின் பொறுப்பில் வந்து தங்கியது. படப்பிடிப்பு இல்லாத நாளிலும் சிங்கம் சாப்பிடும். குகை வாயிலை அடைத்த பாறையை யானைகள் நகர்த்தி வீரசிம்மனை மீட்கும் காட்சிக்காகவே சர்க்கஸ் கதைக்குள் வந்ததுபோல இப்போது தோன்றும். திரைக்கதை எழுதியவர்கள் பின்னால் வந்ததை முன்னால் வைத்துத் தைத்த விதம் அது.

இங்கே கே. ராம்நாத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெமினியின் ஒளிப்பதிவுக்கும் தொழில்நுட்பத்துக்கும் மூளையாக இருந்தவர். கலை இயக்குநர் ஏ.கே. சேகரும் அவரும் வேல் பிக்சர்ஸ் காலத்திலிருந்தே இணைபிரியாதவர்கள். பார் ஆட்டத்தைப் பார்க்கும் கூட்டத்தின் முகங்களை நோக்கிக் காட்சி சட்டென்று நெருங்கிப் பின் விலக வேண்டும் என்று ராம்நாத் நினைத்தார். ஜூம் லென்ஸ் அன்று இங்கு இல்லை. கேமராவைக் கிரேனில் ஏற்றி, கிரேனையே முன்னும் பின்னும் ஓட்டி, அந்த ஓட்டத்தோடு குவியத்தையும் மாற்றிக்கொண்டே எடுத்தார். ஒருவர் கை ஓர் அங்குலம் பிந்தினாலும் படம் மங்கிவிடும். அந்தத் துண்டு திரையில் சில நொடிகளே வருகிறது.

முரசு நடனத்துக்கு வருவோம். மணக்கச் சம்மதிக்கிறேன், ஆனால் திருமணத்துக்கு முன் ஒரு முரசு நடனம் வேண்டும் என்கிறாள் சந்திரலேகா. வரிசை வரிசையாகப் பிரம்மாண்டமான முரசுகள், அவற்றின் மேல் ஆடும் பெண்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் கிழிந்து உள்ளிருந்து வீரர்கள் குதிக்கிறார்கள். டிராய் நகரத்து மரக்குதிரை ஆடத் தொடங்கினால் இப்படித்தான் இருக்கும். 400 பேர் கலந்துகொண்ட இந்த நடனத்துக்கு ஆறு மாதம் ஒத்திகை நடந்தது. இதற்கு மட்டும் ஐந்து லட்சம் ரூபாய் செலவானது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆறு மாத ஒத்திகை என்பது பணத்தால் மட்டும் நடப்பதல்ல. தினக்கூலிக்கு வந்து போகிறவர்களைக் கொண்டு அதைச் செய்ய முடியாது. ஜெமினி மாதச்சம்பளக்காரர்களின் ஸ்டுடியோ. 1952 முதல் 1966 வரை அங்கே பணியாற்றிய அசோகமித்திரன், அறுநூறு பேருக்கும் மேல் வேலை பார்த்த ஒரு பெருங்குடும்பமாகவும் ஓர் அரசாங்க அலுவலகமாகவும் அதை ஒரே சமயத்தில் சித்தரித்திருக்கிறார். ராபர்ட் கிளைவின் குதிரை லாயமாக இருந்தது என்று நம்பப்பட்ட கட்டடத்தின் மாடியில் மேக்கப் இலாகா. தலைமை ஒப்பனைக்காரர் நாயகனுக்கும் நாயகிக்கும். அவருடைய உதவியாளர் இரண்டாம் நிலை நடிகர்களுக்கு. கூட்டத்தில் நிற்பவர்களுக்குக் கடைநிலை ஊழியர், வாளியில் கலந்த வர்ணத்தோடு. அந்த இலாகாவில் வங்காளி, மராட்டியர், கன்னடக்காரர், ஆந்திரர், ஆங்கிலோ-பர்மியர், உள்ளூர்த் தமிழர் என்று எல்லாரும் இருந்தார்கள். ‘தேசிய ஒருமைப்பாடு’ என்ற தொடரை அரசு கண்டுபிடிப்பதற்கு முன்பே அங்கே அது முகத்தில் சாயம் பூசிக்கொண்டிருந்தது என்ற அவருடைய நகைச்சுவையை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். (அவர் சொல்வது சந்திரலேகாவுக்குப் பிந்திய ஜெமினி. ஆனால் அந்த அமைப்பு ஒரே இரவில் தோன்றியதாக இருக்க முடியாது.) அசோகமித்திரன் தம் இறுதி நாட்களை வேளச்சேரியில் கழித்து 2017 மார்ச் 23 அன்று மறைந்தார். சந்திரலேகாவைப் பார்க்கும் எவரும் அவருடைய ‘கரைந்த நிழல்க’ளையும் படிக்க வேண்டும். முரசின் மேல் ஆடுபவர்களைப் பற்றிப் படமே சொல்லாததை அந்த நாவல் சொல்கிறது.

இதற்கிடையில் இயக்குநரே மாறிவிட்டார். தொடங்கியவர் ‘மங்கம்மா சபதம்’ இயக்கிய டி.ஜி. ராகவாச்சாரி, அதாவது ஆச்சார்யா. கணிசமான பகுதியை எடுத்து முடித்திருந்த நிலையில் முதலாளியோடு கருத்து வேறுபாடு வந்து விலகினார். வாசனே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். அதுவரை அவர் ஒரு படமும் இயக்கியதில்லை. 1947-இல் ராம்நாத்தும் சேகரும்கூட ஜெமினியை விட்டுப் போனார்கள். மீதியைக் கமல் கோஷ் ஒளிப்பதிவு செய்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிலிருந்த என்.எஸ். கிருஷ்ணன் அதே 1947-இல் விடுதலையானதும் அவருக்கும் டி.ஏ. மதுரத்துக்கும் ஒரு நகைச்சுவைப் பகுதி எழுதிச் சேர்க்கப்பட்டது. கதை மாறியது, வில்லன் மாறினார், இயக்குநர் மாறினார், ஒளிப்பதிவாளர் மாறினார், போர் முடிந்தது, நாடு சுதந்திரம் அடைந்தது; படம் முடிந்தபாடில்லை. வாசன் சொத்துக்களை அடகு வைத்தார். நகைகளும் விற்பனைக்குப் போயின.

1948 ஏப்ரல் 9 அன்று தமிழில் வெளியாயிற்று. மக்கள் திரண்டார்கள். ஆயினும் முப்பது லட்சத்தைத் தமிழ்நாட்டுக் கொட்டகைகள் மட்டும் திருப்பித் தர இயலாது. இது தோல்வியல்ல, வெறும் கணக்கு. தமிழ்ச் சந்தை எவ்வளவு தாங்குமோ அதைவிடப் பெரிய படத்தை வாசன் எடுத்துவிட்டார். விநியோகஸ்தர் தாராசந்த் பர்ஜாத்யா இந்தியில் வெளியிடும் யோசனையைச் சொன்னார். ஆக, அகில இந்தியப் படம் என்று நாம் இன்று பெருமையோடு சொல்லும் வகைமை சென்னையில் பிறந்தது கடனிலிருந்து.

அது 1948 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைப் புகுத்த, பெரியார் தலைமையில் மறியல்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டு. தெருவில் இந்தி எதிர்ப்பு முழக்கம், ஸ்டுடியோவில் இந்தி வசன ஒத்திகை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி யாரையும் குற்றம் சாட்டுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் திணிப்பதும் சந்தையில் விற்பதும் வேறு வேறு என்று அன்றைய சென்னைவாசிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதே மறியல்காரர்களில் பலர் சந்திரலேகாவைத் தமிழில் பார்த்து ரசித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

வசனத்துக்கு ஆகா ஜானி காஷ்மீரி, பாடலுக்குப் பண்டிட் இந்திரா. தமிழ்நாட்டு நகைச்சுவை வடக்கே செல்லாது என்பதால் யசோதரா கட்ஜு முதலிய வேறு நடிகர்களை வைத்து அந்தப் பகுதிகள் புதிதாக எடுக்கப்பட்டன. என்.எஸ்.கே.யின் நகைச்சுவை முழுக்க மொழிக்குள் வாழ்வது. அதை மொழிபெயர்ப்பதைவிட விட்டுவிடுவதே மரியாதை. பாடியவர்களில் ஒருவர் உமா தேவி. பின்னாளில் ‘டுன் டுன்’ என்ற பெயரில் வடநாட்டையே சிரிக்கவைத்த அதே அம்மையார். எஸ். ராஜேஸ்வர ராவின் இசையில் கர்நாடகம், இந்துஸ்தானி, மேற்கத்திய இசை எல்லாம் முன்பே கலந்திருந்தன.

வாளுக்கும் யானைக்கும் முரசுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. போர்க்காலத்தில் காத்திருந்து காத்திருந்து வளர்த்துவிட்ட அந்தக் காட்சிகள், வீண் ஆடம்பரம் என்று ஸ்டுடியோவுக்குள்ளேயே சிலர் முணுமுணுத்திருக்கக்கூடியவை, இப்போது படத்தைத் தூக்கிச் சென்றன. வசனத்தால் நின்ற தமிழ்ப் படமாக இருந்திருந்தால் இந்தியில் அது தடுமாறியிருக்கும். அறுநூறுக்கும் அதிகமான பிரதிகள் எடுத்து, பக்கம் பக்கமாகப் பத்திரிகை விளம்பரம் செய்து, வடக்கின் விநியோகஸ்தர்கள் கண்டிராத அளவில் வாசன் படத்தை இறக்கினார். போட்ட பணம் வந்தது. ரஞ்சன் இந்தித் திரையின் வாள்வீரரானார். அடுத்த ஆண்டே ஜெமினியின் ‘நிஷா’னில் இரட்டை வேடம். ஏவி.எம்மின் ‘பஹார்’ (1951) வைஜெயந்திமாலாவை அங்கே கொண்டுபோயிற்று. திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘இன்சானியத்’தை (1955) வாசனே இயக்கினார்.

திரையில் ‘இயக்கம்: எஸ்.எஸ். வாசன்’ என்றே வருகிறது. பொறுப்பையும் கடனையும் சுமந்தவர் அவர். அந்த எழுத்துகளுக்கு அவருக்கு உரிமை உண்டு. ஆச்சார்யா விரைவிலேயே ஜெமினிக்கு ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) இயக்கித் தந்தார் என்பதால், பிணக்கு நெடுநாள் நீடிக்கவில்லை என்று கொள்ளலாம். ராம்நாத்தின் பெயர் மட்டும் சந்திரலேகாவின் எழுத்துகளில் இல்லை. கிரேன் மேலிருந்த கேமராவும், முரசு நடனத்துக்கு அவர் வகுத்த திட்டமும் படத்தில் இருக்கின்றன. அவர் கோயம்புத்தூருக்குப் போய்ப் பட்சிராஜாவுக்காக ‘ஏழை படும் பாடு’ (1950), ஜூபிட்டருக்காக ‘மர்மயோகி’ (1951) ஆகிய படங்களை இயக்கினார், 1956-இல் இறந்துபோனார். முரசுகளின் மேல் ஆடிய பெண்களில் ஒருவர் பெயரும் திரையில் வரவில்லை. முரசுகளுக்குள்ளிருந்து குதித்த ஆண்களின் பெயர்களும் அப்படியே.